கார் பைத்தியம் பிடித்த வீட்டுக்காரருக்கு ஆறு நாள் பயணம்: வழி சொல்லுங்கள்

அடையாறு ஆலமரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி அடுத்த புதன்கிழமை வீடு திரும்புவதாக ஒரு பயணம் யோசித்து வைத்திருக்கிறேன். என் கணவருக்குக் கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் வருஷம் முழுக்க அவர் ஓட்டுவது அடையாறிலிருந்து சிறுசேரி வரைதான், அதுவும் இரண்டாவது கியரைத் தாண்டாமல். இந்த முறை அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு விடுமுறை இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வண்டி ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல். வருவது நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் மாமியார். அத்தைக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. அவருடைய தங்கை ஈரோட்டில் இருக்கிறார்.

நான் போட்ட பட்டியல்: ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கோவை கார் மியூசியம், ஊட்டி, முதுமலை, வால்பாறை, முடிந்தால் மூணாறு. எதை விடலாம், எதைச் சேர்க்கலாம்?

---

செகண்ட் கியர் எழுதியது:

தங்கச்சி, இந்தப் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். ஆறு நாளில் எட்டு ஊர் என்றால் அது டூர் பஸ்காரர் போடும் கணக்கு. வண்டி ஓட்டப் பிடித்தவனுக்கு இடம் முக்கியமில்லை, ரோடுதான் முக்கியம். அதிலும் அந்த ரோடு எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பது இன்னும் முக்கியம். கொல்லிமலையைக் காலை ஆறரைக்கு ஏறுவதும் ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்கு ஏறுவதும் ஒன்றா? மதியம் போனால் முன்னால் ஒரு வேன், அதற்கு முன்னால் ஒரு பஸ், நடுவில் பைக் கூட்டம். உங்கள் வீட்டுக்காரர் மறுபடியும் சிறுசேரி ரோட்டில்தான் இருப்பார்.

என் யோசனை இதுதான். இரண்டே மலை. இரண்டையும் விடியற்காலையில் ஏற வேண்டும். மலையடிவாரத்திலோ அதற்குப் பக்கத்து ஊரிலோ முந்தின ராத்திரி தங்குங்கள். மீதி நேரமெல்லாம் குடும்பத்துக்கு.

---

சேலத்துக்காரன் எழுதியது:

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அந்த இரண்டில் ஒன்று கொல்லிமலையாக இருக்கட்டும். காரவள்ளியில் தொடங்கி மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஏற்காட்டில் இருப்பது 20. ஏலகிரியில் 14, அவற்றுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், படிக்க நன்றாக இருக்கும், ஆனால் ஸ்டீயரிங் பிடித்தவனுக்குக் கை சூடாவதற்குள் முடிந்துவிடும்.

கொல்லிமலையில் வளைவுகள் ஒன்றன் தலையில் ஒன்றாக வரும். ஸ்விஃப்டுக்கு அது கச்சிதம். சின்ன வண்டி, திருப்புவது சுலபம், இரண்டாவது கியரில் இழுக்கவும் இழுக்கும். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் சில வளைவுகளில் முதல் கியர் கேட்கும். அதனால்தான் சொல்கிறேன், அத்தையையும் பிள்ளைகளையும் நாமக்கல் லாட்ஜிலேயே தூங்க விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போய்விட்டு வாருங்கள். அவர்கள் எழுந்து குளித்து ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் நீங்கள் இறங்கிவிடலாம்.

---

வால்பாறை மழை எழுதியது:

இரண்டாவது மலை வால்பாறை. இதில் விவாதமே வேண்டாம்.

---

டீக்கடை பெஞ்ச் எழுதியது:

ஏன் வேண்டாம்? திம்பம் இருக்கிறதே. பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் ஏறத் தொடங்கினால் 27 வளைவு. மேலே ஆசனூர் பக்கம் காடு பார்த்துக்கொண்டே போகலாம்.

---

செகண்ட் கியர் எழுதியது:

பெஞ்ச், திம்பம் நல்ல ரோடுதான், ஆனால் அது லாரி ரோடு. மைசூர் பக்கம் போகிற சரக்கெல்லாம் அந்த வழிதான். நீளமான லாரி ஒன்று வளைவில் மாட்டினால் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும், ஓட்டுநர்கள் இறங்கி டீ தேடப் போய்விடுவார்கள். அங்கே இரவுத் தடை வேறு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரையும், கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரையும் அனுமதி இல்லை. அதனால் காலையில் கேட் திறந்ததும் ராத்திரி முழுக்கக் காத்திருந்த லாரிகள் மொத்தமாக ஏறும். விடியற்காலைதான் நல்ல நேரம் என்று நான் சொல்வது அந்த ஒரு மலைக்கு மட்டும் பொருந்தாது.

---

அடையாறு ஆலமரம் எழுதியது:

ஊட்டி வேண்டாமா? பிள்ளைகளிடம் ரயில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

---

கோவை பைபாஸ் எழுதியது:

அக்கா, ஊட்டியை இன்னொரு தடவை பிள்ளைகளுக்காகத் தனியாகப் போடுங்கள். இந்தப் பயணத்தில் சேர்த்தால் ஒரு முழு நாள் போகும், அதுவும் குன்னூர் ரோட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டே. ஊட்டியில் வண்டிக்காரனுக்குப் பிடித்த பாதை என்றால் கல்லட்டிதான், மசினகுடிக்கு இறங்குகிற 36 வளைவு. ஆனால் தொடர்ந்து விபத்து நடந்ததால் வெளி மாவட்ட வண்டிகளை அதில் கீழே இறங்க விடுவதில்லை, ஏறத்தான் விடுவார்கள். அதற்காக முதுமலை சுற்றி வர வேண்டும். ஆறு நாளில் அது வீண்.

அப்புறம் இ-பாஸ். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து வந்துவிட்டது. காசு கிடையாது. அரசு இணையதளத்தில் வண்டி எண், வருகிற தேதி, எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் எல்லாம் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முன்பே எடுத்து போனில் சேமித்துவிடுங்கள். செக்போஸ்ட் பக்கத்தில் சிக்னலை நம்ப முடியாது.

---

ஹெரால்ட் மாமா எழுதியது:

எல்லோரும் மலையையே பேசுகிறீர்கள். கார் பைத்தியத்துக்கு மலை மட்டுமா? சென்னையை விட்டுக் கிளம்பும்போதே கதை தொடங்குகிறதே அம்மா.

ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வரும்போது அவரிடம் ஸ்டாண்டர்ட் மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், அப்புறம் கஸெல், எல்லாம் அங்கே செய்த வண்டிகள். கடைசியாக 1980களில் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று வந்தது. பார்க்க அவ்வளவு அழகு, ரோவர் எஸ்டி1 என்ற இங்கிலாந்து காரின் உடம்பு. உள்ளே மட்டும் பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்ட் கார் காலத்து இரண்டு லிட்டர் இன்ஜினை வைத்துவிட்டார்கள். பெட்ரோலைக் குடிக்கும், ஓடாது. மாருதி வந்துவிட்ட காலத்தில் அந்த விலை கொடுத்து அதை யார் வாங்குவார்கள்? கம்பெனி அதோடு படுத்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் போனால் மறைமலை நகர். ஐகான், ஃபிகோ என்று ஃபோர்டு வண்டிகள் பிறந்த இடம். 2022ல் அங்கே உற்பத்தி நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் மதில் சுவர்தான் தெரியும், நிறுத்திப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே பேச இதைவிட நல்ல விஷயம் உண்டா? அவர் வாயைத் திறந்தால் உளுந்தூர்பேட்டை வரை மூட மாட்டார், உங்களுக்கும் பாட்டுப் போடுகிற வேலை மிச்சம்.

---

டைமிங் செயின் எழுதியது:

மாமா, அவர்கள் பெங்களூர் ரோட்டில் போனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் வருமே. கிருஷ்ணகிரி போய்ச் சேலம் இறங்கலாம்.

---

ஹெரால்ட் மாமா எழுதியது:

வரும். ரேஸ் இல்லாத நாளில் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நாமக்கல் போகிறவர்களுக்கு அது சுற்றும்கூட. விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழி போதும்.

எங்கள் காலத்து ரேஸ் சோழவரத்தில். இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம் அது. ஓலைக் கீற்றுப் பந்தலில் உட்கார்ந்து பார்ப்போம், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலை, காது, மூக்கு எல்லாம் செம்மண். ஆனால் அது இந்தப் பயணத்துக்கு எதிர்த் திசை, சரி விடுங்கள்.

---

கோவை பைபாஸ் எழுதியது:

கோவைக்கு வருகிறேன். அவிநாசி ரோட்டில் ஜிடி நாயுடு அறக்கட்டளை நடத்தும் ஜீடீ கார் மியூசியம், 2015ல் திறந்தது. முதல் கார் என்று சொல்லப்படும் 1886ஆம் ஆண்டு பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மாதிரி அங்கே இருக்கிறது. வெறுமனே வரிசையாக நிறுத்திப் பளபளவென்று துடைத்து வைத்த இடமில்லை. ஒரு வண்டி ஏன் முக்கியம், அதில் என்ன புதிதாகச் செய்தார்கள் என்று விளக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் நின்று பார்ப்பார்கள்.

பார்ப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு ஜிடி நாயுடு கதையைச் சொல்லிவிடுங்கள். 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஓட்டத் தொடங்கியவர், அதுவும் தானே ஓட்டுநராக. நீங்கள் வால்பாறைக்குப் பொள்ளாச்சி வழியாகத்தானே போகப் போகிறீர்கள்.

முக்கியமான ஒன்று: திங்கட்கிழமை மியூசியம் விடுமுறை.

செட்டிப்பாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, எஸ். கரிவரதன் பெயரில். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி, சாதாரண வீட்டுப் பையனும் ரேஸ் ஓட்டலாம் என்று காட்டிய மனிதர். 1995ல் விமான விபத்தில் போய்விட்டார். 2005ல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர்க்காரர், அவரும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான். டிராக்கில் அன்றைக்கு என்ன நடக்கிறது, பொதுமக்களை விடுவார்களா என்று முதலிலேயே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். விட்டால் அவருக்கு அதுதான் தீபாவளி.

---

சேலத்துக்காரன் எழுதியது:

மியூசியம் இருக்கட்டும், யாரும் நாமக்கல் பட்டறையைச் சொல்லவில்லையே?

கொல்லிமலை இறங்கிய சனிக்கிழமை மதியம் அவரை லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம் மட்டும் வரும், முன்னால் ஒரு கண்ணாடி கூட இருக்காது. ஓட்டி வருகிறவர் ஹெல்மெட் போட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு இங்கேதான் கேபின் கட்டி, மரம் அடித்து, தகடு போட்டு, பெயின்டரை வைத்து மயிலும் தாமரையும் வரைந்து அனுப்புவார்கள். அப்படியே திருச்செங்கோடு போனால் போர்வெல் ரிக் வண்டி. இந்தியா முழுக்கத் தண்ணீருக்கு ஓட்டை போடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஊர் ஆட்களுடையவை, ஆப்பிரிக்கா வரை போகின்றன. பஸ் பாடி பார்க்க வேண்டுமென்றால் கரூர்.

டிக்கெட் எடுத்துப் பார்க்கிற இடமில்லை இது. வாசலில் நின்று முதலாளியிடம் "எங்க வீட்டுக்காரருக்கு வண்டின்னா உயிருங்க, கொஞ்சம் பாக்கலாங்களா" என்று கேளுங்கள். வெல்டிங் நடக்கிற பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள், அவ்வளவுதான். கார் ஆசை உள்ளவர்கள் ஜெர்மனிக்குப் போய் ஃபேக்டரி பார்க்கிறார்கள். நம் ஊரில் கையால் ஒரு வண்டியை முழுசாக உருவாக்குவதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்?

---

டைமிங் செயின் எழுதியது:

வண்டி விஷயம் நான் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் போய்விட்டு "எல்லாம் ஓகே சார்" என்று வாங்கி வருகிற சர்வீஸ் போதாது. பத்து நாள் முன்னாலேயே விடுங்கள். ஏதாவது மாற்றினால் ஊருக்குள் ஓட்டிப் பார்க்க அவகாசம் வேண்டும்.

முதலில் பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிரேக் பேட், கூலன்ட், வைப்பர் ரப்பர், நான்கு டயர், அதோடு ஸ்டெப்னி. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேரும் சாமானும் என்றால் பின் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், அதைப் பார்த்துப் பிடியுங்கள்.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது அறவே கூடாது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் நின்று வழி விட வேண்டும். பிரேக் கருகிய வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து அரை மணி நிறுத்துங்கள், சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

---

டீக்கடை பெஞ்ச் எழுதியது:

எதற்கு இந்தப் பழைய ஸ்விஃப்ட்? செல்ஃப் டிரைவில் ஒரு மஹிந்திரா தார் ஜீப் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள், மனிதர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

---

டைமிங் செயின் எழுதியது:

ஐந்து பேருக்குத் தாரா? பின்னால் உட்காருகிற அத்தையை நினைத்துப் பாருங்கள்.

வாடகை வண்டியில் எனக்கு வேறு பயமும் உண்டு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையாகப் பதிவு செய்த செல்ஃப் டிரைவ் வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை யாராவது வாடகைக்குக் கொடுத்தால் விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் கை விரித்துவிடும். அதோடு முன்பின் ஓட்டாத வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும் என்று எழுபது வளைவில் கற்றுக்கொள்ள வேண்டாம். அவருடைய வண்டி அவர் கைக்குப் பழகியது. அதை முதல்முறையாக அதற்கேற்ற ரோட்டில் ஓட்டப் போகிறார், அந்தச் சந்தோஷம் தனி.

---

அடையாறு ஆலமரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன். வெள்ளி காலை கிளம்பி நாமக்கல். சனி விடியற்காலை நாங்கள் இருவர் மட்டும் கொல்லிமலை, மதியம் பட்டறை, திருச்செங்கோடு வழியாக ராத்திரி ஈரோடு சித்தி வீடு. அத்தை அங்கேயே இருந்துவிடுவார், அவருக்கும் அதுதான் இஷ்டம். ஞாயிறு கோவை மியூசியம், ராத்திரி பொள்ளாச்சி. திங்கள் காலை வால்பாறை. செவ்வாய் மதியம் இறங்கி ஈரோடு. புதன் அத்தையை ஏற்றிக்கொண்டு சென்னை.

வால்பாறைக்குப் பிள்ளைகள் வருவார்கள். சின்னவளுக்குப் பாட்டி மாதிரியே வயிறு. என்ன செய்வது?

---

வால்பாறை மழை எழுதியது:

திட்டம் நன்றாக இருக்கிறது. வார நாளில் வருவது ரொம்ப நல்லது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், குடியரசு தினம் சனி, ஞாயிறோடு ஒட்டி வருகிறதென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். இங்கே தங்கும் இடமெல்லாம் நிரம்பிவிடும்.

பொள்ளாச்சியில் ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஆழியாறு அணை தாண்டி 40 வளைவு. ரோடு கொல்லிமலை மாதிரி நெருக்கடியாக இருக்காது, வளைவுக்கு வளைவு கொஞ்சம் மூச்சு விடலாம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. அணையும் பொள்ளாச்சிச் சமவெளியும் கீழே விரிந்து கிடக்கும். அந்தப் பக்கத்துப் பாறைகளில் வரையாடு நிற்கும், சில சமயம் ரோட்டுச் சுவர் மேலேயே. பிஸ்கட் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஊட்டி ரயிலுக்குப் பதிலாக இது. வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும், அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

சின்னவளுக்கு வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் இருக்கக் கூடாது. இரண்டு இட்லி போதும். கண்ணாடியை இறக்கி விடுங்கள், போன் பார்க்க விடாதீர்கள், தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் டாக்டரிடம் அளவு கேட்டு ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், வாந்தி வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும்.

இருட்டிய பிறகு எஸ்டேட் ரோடுகளில் நடக்க வேண்டாம், வண்டியிலும் சுற்ற வேண்டாம். யானை, சிறுத்தை இரண்டுமே இங்கே உண்டு.

---

செகண்ட் கியர் எழுதியது:

திங்கட்கிழமை ஏறுவது குடும்பத்தோடு, சரி. செவ்வாய் காலை அவரைத் தனியாக விடுங்கள். வெளிச்சம் வந்ததும் சோலையாறு அணைப் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு டிபனுக்கு வந்துவிடட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். தப்பாக நினைக்காதீர்கள், பக்கத்தில் ஆள் இருந்தால் எங்களுக்கு "மெதுவா, மெதுவா" என்று காதில் கேட்டுக்கொண்டே இருக்கும், சொல்லாவிட்டாலும் கேட்கும்.

---

வால்பாறை மழை எழுதியது:

தனியாகப் போகட்டும், ஆனால் மெதுவாகத்தான் போக வேண்டும். அது தேயிலைத் தொழிலாளர்கள் வேலைக்கு நடந்து போகிற நேரம். பள்ளிப் பிள்ளைகளும் ரோட்டில் இருப்பார்கள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கலாம், குடியிருப்புக்குள் அடிக்க வேண்டாம். வேகம் பார்க்க ஆசை என்றால் அதற்குத்தான் செட்டிப்பாளையம் இருக்கிறது.

---

செகண்ட் கியர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ரசித்து ஓட்டுகிறவனுக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டரே தாராளம்.

---

அடையாறு ஆலமரம் எழுதியது:

கடைசியாக ஒரு கேள்வி. புதன்கிழமை ஈரோட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? அத்தை மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பணும் என்கிறார்.

---

சேலத்துக்காரன் எழுதியது:

சாப்பாட்டைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 400 கிலோமீட்டர், மதியம் கிளம்பினால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஆபீஸ் விடுகிற நேரத்தில் மாட்டுவீர்கள். காலை ஏழுக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு வீடு. முதல் நாளே ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.